ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டுவதற்கு முன்

சின்ன கேஸ் என்றால் கோர்ட் வாசலில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்திரு தம்பி, இன்னைக்கே முடிஞ்சிரும்." சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை பிடிக்கும் பையனுக்கும் லாட்ஜுக்கு ஆள் சேர்க்கும் பையனுக்கும் சீசன் நேரத்தில் ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் அன்றைக்கு முடிவது அலைச்சல் மட்டும்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், சட்டத்தின் கணக்கில் அவன் தண்டனை பெற்றவன்.

அதன் விலை பின்னால்தான் தெரியும். போலீஸ் தேர்வு எழுதி, ஓட்டத்திலும் கயிற்றிலும் தேறியவனுக்கு அந்தப் பழைய ரசீது குறுக்கே வந்து நிற்கும். தமிழ்நாடு காவல் பணி விதிகளின் 14(பி), சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே பார்க்கிறது. விடுதலையானவருக்கே இந்தக் கதி. விண்ணப்பத்தில் மறைத்தால் அதுவே நிராகரிக்க இன்னொரு காரணமாகிவிடும்.

கேஸைவிட நீண்ட ஆயுள் ஸ்டேஷன் பதிவேட்டுக்கு உண்டு. ஹிஸ்டரி ஷீட்டில் பெயர் ஏறிவிட்டால், டவுனில் எங்கே பூட்டு உடைந்தாலும் அந்த வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். அதில் காட்டேஜ் முதலாளி வீட்டுப் பையன்கள் குறைவு; தலித் குடியிருப்பு, பளியர் குடும்பம், இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள், முஸ்லிம் தெரு என்றுதான் பெயர்கள் இருக்கும் என்று சொன்னால் மலையில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இது புதிதல்ல. மலைக்குக் கீழே உசிலம்பட்டிப் பக்கம், ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த சாதிக்காகவே ஆண்களிடம் கைரேகை வாங்கி, ராத்திரியில் ஸ்டேஷனில் படுக்க வைத்தது. எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ஒழிந்தது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த வேறொரு சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது.

கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் கட்டாயமானது 2024 மே 7 அன்று. காரை எங்கே திருப்பி அனுப்புவார்களோ என்று ஊரே பேசிக்கொண்டிருந்த அதே நாளில் உச்ச நீதிமன்றம் அமானத்துல்லா கான் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சாதியையோ சமூகப் பின்னணியையோ வைத்து இயந்திரத்தனமாக ஹிஸ்டரி ஷீட் எழுதக் கூடாது, சிறுவர்களின் விவரம் அதில் இடம்பெறக் கூடாது என்பது அதன் சாரம். இ-பாஸ் செய்தி ஊரெல்லாம் பரவியது. இது பரவவில்லை.

மலையில் பையன்கள் மாட்டுவது பெரும்பாலும் கஞ்சாவிலும் போதைக் காளானிலும். கேட்பவர் வெளியூர்க்காரர், "ரூம்ல குடுத்துட்டு வா" என்று அனுப்பப்படுவது உள்ளூர்ப் பையன். பிடிபட்டால் அவன்தான் வியாபாரி. கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு: ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோவுக்குள் என்றால் பத்தாண்டு வரை போகும். மீண்டும் மீண்டும் கேஸ் விழுந்தால் கலெக்டர் உத்தரவில் குண்டர் சட்டம், ஓராண்டு வரை உள்ளே. எடுத்துப்போகும் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதை நிரூபிக்க வேண்டிய சுமையும் பையன் தலையில்தான். 2020 பிப்ரவரியில் குண்டுப்பட்டிப் பக்கம் ஒரு போதை விருந்தைப் போலீஸ் சுற்றிவளைத்தபோது சிக்கியவர்கள் இருநூறுக்கும் மேல். பெரும்பாலோரை எச்சரித்து அனுப்பினார்கள். போலீஸுக்கு எச்சரிக்கவும் தெரியும். யாரை என்பதுதான் கேள்வி.

உடலைச் சோதனை போடுமுன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதைப் போலீஸ்தான் சொல்ல வேண்டும். போதைப்பொருள் வழக்குகளுக்கான என்.டி.பி.எஸ். சட்டப் பிரிவு 50 அது. பையையோ வண்டியையோ சோதிப்பதற்கு அது பொருந்தாது. கைது செய்தால் காரணத்தை எழுத்தில், புரியும் மொழியில் தர வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் அதை டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் அங்கேயே சொல்லுங்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வரும் கைதிகளின் படங்களைத் தமிழ்நாடு போதுமான அளவு பார்த்துவிட்டது. அந்த வழுக்கல் ஏன் கைதிகளை மட்டும் தேடி வருகிறது என்று யாரும் விளக்கியதில்லை.

பதினெட்டு வயது நிரம்பாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது. கொடுங்குற்றம் இல்லையென்றால், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகக் குற்றச்சாட்டும் இல்லையென்றால், பொதுவாக எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது. பொது நாட்குறிப்பில் பதிந்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். வயதைக் காட்டப் பள்ளிச் சான்றிதழ் நகல் வீட்டில் தயாராக இருக்கட்டும். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

வக்கீலுக்குப் பணமில்லை என்பதால்தான் ஃபைன் கட்டச் சொல்கிறார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ 15100 எண்ணிலோ கேட்கலாம். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டால், "வக்கீல் வேண்டும் ஐயா" என்று சொன்னால் போதும், அதற்காக யாரும் கூடுதலாகத் தண்டிக்க முடியாது. ஹிஸ்டரி ஷீட்டில் பெயர் இருந்தால் நீக்கச் சொல்லி முதலில் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள், ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம்.

எஃப்.ஐ.ஆர். நகலைப் போலீஸ் இணையதளத்தில் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னது. இணைய வசதி சிக்கலாக உள்ள இடங்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம் அவகாசம். மலையில் சிக்னல் இல்லை என்று நான்காம் நாளும் சொன்னால், ஸ்டேஷனில் எழுத்தில் கேளுங்கள்.