சி டிரைவுக்கு வலப்பக்கம் என்ன இருக்கிறது?

கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய பழைய கம்ப்யூட்டர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்து, விண்டோஸுக்குச் சின்னதாக ஒரு சி டிரைவை ஒதுக்கிவிட்டு, மீதியைப் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் விட்டுவிடுவார்கள். சில வருடங்களில் டி டிரைவ் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். சி டிரைவின் பட்டையோ சிவப்பாகியிருக்கும். காலியிடம் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் விண்டோஸ் அப்படித்தான் காட்டும். டி-யில் சும்மா கிடப்பதை எடுத்து சி-க்குக் கொடுக்க முடியாதா? முடியும். டிஸ்க்கில் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, அது ஒரு நிமிட வேலையாகவும் இருக்கலாம், ராத்திரி முழுக்க நடக்கும் ஆபத்தான வேலையாகவும் இருக்கலாம்.

டிஸ்க்கின் மேல் உண்மையில் கோடு எதுவும் போட்டிருக்காது. பார்ட்டிஷன் என்பது ஓர் அட்டவணையில் எழுதிய இரண்டு எண்கள்: எந்த செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம். 1983-இல் ஐபிஎம்மின் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் வந்தபோது, டாஸ் 2.0 இந்த அட்டவணையை டிஸ்க்கின் முதல் செக்டரில் வைத்தது. 512 பைட் கொண்ட அந்த செக்டரில் அட்டவணைக்குக் கிடைத்தது 64 பைட். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்பதால் நான்கு பார்ட்டிஷனுக்குத்தான் இடம். எண்கள் 32 பிட் என்பதால் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணவும் தெரியாது. இதுதான் எம்பிஆர். இன்றைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஜிபிடி என்ற அட்டவணை 128 பார்ட்டிஷன்கள் வரை ஏற்கும். எண்கள் சிதைந்திருக்கிறதா என்று தானே சரிபார்த்துக்கொள்ளும். டிஸ்க்கின் கடைசியில் தனக்கொரு நகலும் வைத்திருக்கும்.

இது ஒரு கணக்கு. இரண்டாவது கணக்கு பார்ட்டிஷனுக்கு உள்ளே இருக்கிறது. என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்புமுறைகள் தங்கள் இடம் எவ்வளவு பெரியது, அதில் எந்தத் துண்டு நிரம்பியிருக்கிறது, எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்று தனியாக எழுதி வைத்துக்கொள்கின்றன. அட்டவணை நிலத்தின் பட்டா என்றால், கோப்புமுறைதான் அந்த நிலத்தில் கட்டிய வீடு. வீட்டை ஒடுக்காமல் பட்டாவில் மட்டும் அளவைக் குறைத்தால், கட்டடத்தின் ஒரு பகுதி அடுத்தவர் நிலத்தில் நிற்கும். அதனால் சுருக்கும்போது முதலில் கோப்புமுறை, பிறகு அட்டவணை. பெரிதாக்கும்போது முதலில் அட்டவணை, பிறகு கோப்புமுறை. மென்பொருள்களே இந்த வரிசையைப் பார்த்துக்கொள்கின்றன. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாத இடைவெளியில் கரண்ட் போனால்தான் சிக்கல்.

வலது ஓரத்தில் அந்த இடைவெளி மிகச் சின்னது. டி டிரைவின் வலக்கோடியில் 50 ஜிபியைக் குறைக்கிறோம் என்றால், அந்தக் கோடியில் ஃபைல் துண்டுகள் இருந்தால் அவற்றை மட்டும் முன்பக்கம் நகர்த்திவிட்டு எண்களைத் திருத்தினால் போதும். காலியான இடத்தைப் பக்கத்து பார்ட்டிஷனுக்கு வலப்புறமாக நீட்டுவது இன்னும் சுலபம், சில நொடிகள்தான்.

இடது ஓரம் வேறு கதை. என்டிஎஃப்எஸ் தன் முகவரிகளையெல்லாம் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து எண்ணுகிறது. தொடக்கத்தை 50 ஜிபி தள்ளி வைத்தால் உள்ளே இருக்கும் அத்தனையும் அதே அளவு தள்ளிப் போயாக வேண்டும். டி டிரைவில் 300 ஜிபி இருக்கிறது, டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்க மட்டும் 50 நிமிடம், எழுத இன்னொரு 50 நிமிடம். ஒரே டிஸ்க்கின் தலை படிக்கவும் எழுதவும் அங்குமிங்கும் ஓட வேண்டும் என்பதால் உண்மையில் இதைவிட நேரமாகும். நடுவில் கம்ப்யூட்டர் அணைந்தால் ஒரு பாதி புது இடத்தில், மறுபாதி பழைய இடத்தில். அட்டவணை எதைச் சொன்னாலும் அது பாதிப் பொய்.

விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டிலேயே ஷ்ரிங்க், எக்ஸ்டெண்ட் இரண்டும் உண்டு. இரண்டும் வலது ஓரத்தில் மட்டுமே வேலை செய்யும். டி-யைச் சுருக்கிவிட்டு சி-யின் மேல் ரைட் கிளிக் செய்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகவே நிற்பது இதனால்தான். கிடைத்த காலியிடம் டி-க்கு வலப்பக்கம் இருக்கிறது. சி-க்கும் அதற்கும் நடுவே டி உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸின் ஜிபார்ட்டெட் போன்றவை டி-யை அப்படியே வலப்பக்கம் நகர்த்தித் தரும். எனக்கென்னவோ முரட்டு வழிதான் பிடிக்கும்: டி-யில் இருப்பதையெல்லாம் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, டி-யை அழித்து, சி-யை நீட்டி, மீதியில் புது டி உருவாக்கி, எல்லாவற்றையும் திருப்பிப் போடுவது. நகர்த்துவதற்கு முன்பும் எப்படியும் பேக்கப் எடுக்கத்தான் வேண்டும். எடுத்த பிறகு ஆபத்தான நகர்த்தல் எதற்கு? டி-யில் மென்பொருள் எதையாவது நிறுவியிருந்தால் மட்டும் அதை மறுபடி நிறுவ வேண்டிவரும்.

சி டிரைவையே சுருக்க வேண்டிவந்தால் வேறொரு திகைப்பு காத்திருக்கும். 200 ஜிபி காலியாக இருந்தும், 20 ஜிபிதான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொல்லலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்த முடியாத ஃபைல்கள் சில உண்டு: பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், ரீஸ்டோர் பாயிண்டுகள். அவற்றில் ஒன்று வலக்கோடியில் ஆணியடித்தாற்போல் உட்கார்ந்திருந்தால் அதைத் தாண்டிச் சுருக்க முடியாது. எது என்று தேடித் திண்டாட வேண்டாம். ஈவண்ட் வியூவரின் அப்ளிகேஷன் பகுதியில் 259 என்ற எண்ணுள்ள பதிவு அந்த ஃபைலின் பெயரையே சொல்லும். அந்த வசதியைத் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயலலாம்.

சி-க்கு வலப்பக்கம் பெயரில்லாமல் அரை ஜிபி அளவில் ஒரு துண்டு பலருடைய கம்ப்யூட்டரில் இருக்கும். அது ரெக்கவரி பார்ட்டிஷன். விண்டோஸ் எழுந்திருக்காதபோது பழுதுபார்க்கும் மென்பொருள் அங்கே இருக்கிறது. 2024 ஜனவரியில் இந்தத் துண்டு உலகம் முழுக்கப் பலரைப் படுத்தியது. பிட்லாக்கர் பூட்டைத் தாண்டும் ஓர் ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு கேபி5034441 என்ற அப்டேட்டை அனுப்பியது. அதற்கு ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் வேண்டும். பலருக்கு அது இல்லை. திரையில் வந்த பிழைச் செய்தியோ இடப் பற்றாக்குறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பார்ட்டிஷனை நீங்களே பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் வழிமுறை வெளியிட்டது. இதைத் தானாகச் சரிசெய்யும் தீர்வு வராது என்றும் சில மாதங்களில் சொல்லிவிட்டது. வீட்டில் கணக்கு எழுத வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனாலும் அந்த வழிமுறை ஒரு நல்ல பாடம். முதலில் ரெக்கவரி வசதியை முடக்க வேண்டும்; அதன் ஃபைல் சி டிரைவுக்குள் திரும்பி வந்துவிடும். சி-யை வலது ஓரத்தில் 250 எம்பி சுருக்க வேண்டும். பழைய ரெக்கவரித் துண்டை அழித்து, சேர்ந்த இடத்தில் பெரிதாக ஒன்றை உருவாக்கி, வசதியைத் திரும்ப இயக்க வேண்டும். எதையும் நகர்த்தவில்லை என்பதைக் கவனியுங்கள். இதற்குப் பயன்படும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளை மென்பொருள், அழிக்கச் சொன்னால் “நிச்சயமா?” என்று ஒரு தடவைகூடக் கேட்காது. செருகியிருக்கும் பென் டிரைவ், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உட்காருவது நல்லது. எண்ணைத் தவறாகத் தட்டினாலும் அழிவதற்கு வேறு டிஸ்க் இருக்காது.

எந்த வழியானாலும் முன்வேலை ஒன்றுதான். பேக்கப் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும். டி டிரைவில் வைத்த காப்பி அதே டிஸ்க்கோடு போய்விடும். பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொண்டு, பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், கம்ப்யூட்டரை முழுதாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் வைக்கிறது; அந்த நிலையில் ஜிபார்ட்டெட் என்டிஎஃப்எஸ்ஸைத் தொட மறுப்பது நியாயமே. அதையும் நிறுத்திவிட்டு, செக்டிஸ்க் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கே தேய்ந்து பிழை காட்டுகிறது என்றால் பார்ட்டிஷன் வேலையை மறந்துவிட்டு டேட்டாவை மட்டும் வெளியே எடுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டே வையுங்கள். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வேண்டும். இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பார்ட்டிஷன் காணாமல் போய், “ஃபார்மேட் செய்யட்டுமா?” என்று விண்டோஸ் கேட்டால், கேன்சல். அந்த டிஸ்க்கில் அதன்பின் எதையும் எழுதாதீர்கள். அட்டவணை மட்டும் கெட்டிருந்தால் உள்ளே ஃபைல்கள் அப்படியே இருக்கும். கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுக்கத் துழாவி, கோப்புமுறைகள் தொடங்கும் செக்டர்களைக் கண்டுபிடித்து, தொலைந்த எண்களைத் திரும்ப எழுதித் தரும். எஸ்எஸ்டியில் மட்டும் நம்பிக்கை குறைவு. பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்திருந்தாலோ, ஃபைல்களை அழித்திருந்தாலோ, அந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லியிருக்கும். அதுவும் உள்ளுக்குள்ளேயே துடைத்து முடித்திருக்கும்.