ஆடுகளத்தின் உரிமையாளர்

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் இப்போது ஒரு செய்தி நிறுவனத்தில் ஆசிரியர் பொறுப்பில் இருக்கிறார். சென்னையில் இரண்டு நாள்கள் நடைபெறவிருந்த இ-ஸ்போர்ட்ஸ் போட்டியைப் பார்த்துச் செய்தி எழுதித் தர முடியுமா என்று சில மாதங்களுக்கு முன்பு கேட்டார். கைப்பேசி விளையாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றேன். "ஒன்றும் தெரியாதவர் எழுதினால்தான் சார், ஒன்றும் தெரியாதவர்களுக்குப் புரியும்" என்றார். வகுப்பில் அவர் இவ்வளவு தெளிவாக ஒரு விடை சொன்னதாக நினைவில்லை.

திருமண மண்டபத்தைவிடச் சற்றுப் பெரிய குளிரூட்டப்பட்ட அரங்கு. மேடையில் அணிக்கு நால்வராக 16 அணிகள், 64 இளைஞர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி. காதுகளை முழுவதுமாக மூடிய ஒலிவாங்கிக் கருவி. வியர்வையில் விரல் திரையில் வழுக்கிவிடாமல் இருக்க இரு கட்டைவிரல்களிலும் மெல்லிய துணி உறை அணிந்திருந்தார்கள். தையற்காரர் விரலில் பார்த்த உறையை விளையாட்டு வீரர் விரலில் பார்ப்பது அதுவே முதல் முறை. பத்திரிகையாளர் வரிசையில் எனக்கு அடுத்த வயதுக்காரரின் வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

ஆடப்பட்டது பிஜிஎம்ஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'. விமானத்திலிருந்து குதித்து ஒரு தீவில் இறங்குகிறார்கள். வெறுங்கையுடன் இறங்கியவர்கள் வீடு வீடாகத் தேடி ஆயுதம் சேர்க்கிறார்கள். பாதுகாப்பான வட்டம் நிமிடத்துக்கு நிமிடம் சுருங்க, எல்லோரும் ஒருவரையொருவர் நோக்கித் தள்ளப்படுகிறார்கள். கடைசியில் எஞ்சும் அணி அந்தச் சுற்றை வெல்கிறது. சொல்வதற்கு இவ்வளவுதான். பார்ப்பதுதான் கடினம். கிரிக்கெட்டில் பந்து எங்கே போகிறதோ அங்கே கண் போகும். இங்கே பந்து இல்லை. தீவின் நான்கு மூலைகளில் ஒரே நேரத்தில் நான்கு சண்டைகள் நடக்கின்றன. அவற்றில் எதைப் பெரிய திரையில் காட்டுவது என்பதை, ஆட்டத்துக்குள்ளேயே உலவும் ஒளிப்பதிவாளரைப் போன்ற ஒருவர் முடிவு செய்கிறார். அவர் காட்டாதது அரங்கில் இருப்பவர்களுக்கு நடக்காததே.

முதல் சுற்று முடிந்ததும், வென்ற அணி முன்னிலை வகிப்பதாக ஒரு பத்தி எழுதி அனுப்பத் தயாரானேன். பக்கத்து இருக்கையிலிருந்த இளம் செய்தியாளர் எட்டிப் பார்த்து, "சார், அனுப்பிடாதீங்க" என்றார். முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6, மூன்றாமிடத்துக்கு 5 என இறங்குகிறது கணக்கு. அதோடு, வீழ்த்தும் ஒவ்வோர் எதிரிக்கும் ஒரு புள்ளி. சுற்றை வென்ற அணி நால்வரைத்தான் வீழ்த்தியிருந்தது, மொத்தம் 14. மூன்றாவதாக வந்த அணி பதின்மூவரை வீழ்த்தி 18 புள்ளிகளுடன் மேலே நின்றது. ஒளிந்து பிழைப்பதா, துணிந்து மோதுவதா என்று ஒவ்வோர் அணியும் கணக்கிட வைக்கும் ஊக்க அமைப்பு அது. இதைத்தானே இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதினோம் என்ற எண்ணம் வந்த பிறகுதான் ஆட்டம் எனக்குப் பிடிபட்டது. அந்தப் பெண் தடுத்திராவிட்டால், என் முதல் விளையாட்டுச் செய்தி தவறான செய்தியாகவே வெளிவந்திருக்கும்.

புரிந்ததும் பழக்கதோஷம் தலைகாட்டியது: இதற்கெல்லாம் யார் பணம் தருகிறார்கள்? நுழைவுச்சீட்டுக்குக் கட்டணமில்லை. விளையாட்டைப் பதிவிறக்கவும் கட்டணமில்லை. விளம்பரதாரர்கள் ஒரு பங்கு தருகிறார்கள். ஆனால், அடிப்படை வருவாய் ஆட்டத்துக்குள் விற்கப்படும் உடை, அலங்காரம் போன்றவற்றிலிருந்து வருகிறது. ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனத்துக்குப் போட்டி என்பது அந்தச் சந்தையின் விளம்பரப் பலகை. ஆகவே, அதன் அனுமதியின்றி யாரும் பெரிய போட்டி எதையும் நடத்த முடியாது.

இந்த இடத்தில்தான் மற்ற விளையாட்டுகளிலிருந்து இது பிரிகிறது. கபடிக்கு உரிமையாளர் இல்லை. கிரிக்கெட் வாரியம் எவ்வளவு செல்வாக்குடையதாக இருந்தாலும், அதற்குச் சொந்தம் போட்டித் தொடர்தான். மட்டையும் பந்தும் அல்ல. தெருவில் ஆடும் சிறுவனை ஆடாதே என்று சொல்ல எந்த வாரியத்தாலும் முடியாது. இ-ஸ்போர்ட்ஸில் மைதானம், பந்து, விதிகள் அனைத்தும் ஒரே நிறுவனத்தின் பதிப்புரிமைக்கு உட்பட்ட பொருள். பாடநூலில் முற்றுரிமை என்று நாங்கள் கற்பித்தது ஒரு பண்டத்தின் விற்பனையைப் பற்றியது. ஒரு விளையாட்டையே ஒருவர் சொந்தமாக வைத்திருப்பதற்கு எங்களிடம் எடுத்துக்காட்டு இல்லை.

இதன் விளைவைத் தென் கொரியா முன்பே கண்டது. 1997 நிதி நெருக்கடிக்குப் பின் அங்கே பெருகிய கணினி நிலையங்களில், 1998-இல் வெளியான 'ஸ்டார்கிராஃப்ட்' ஒரு தேசிய விளையாட்டைப் போல வளர்ந்தது. 2000-இல் அதற்கெனச் சங்கம் அமைந்தது. தொலைக்காட்சி அலைவரிசைகள் தோன்றின. பின்னர், அமெரிக்க நிறுவனமான பிளிஸார்ட் ஒளிபரப்பு உரிமை தனக்கே உரியது என்று வழக்குக்குப் போனது. 2011-இல்தான் சமரசம் ஏற்பட்டது. 'டோட்டா 2' ஆட்டத்தின் உலகப் போட்டியில் 2021-இல் மொத்தப் பரிசுத் தொகை 4 கோடி டாலர். ரசிகர்கள் வாங்கும் பொருள்களின் விற்பனையில் 25 விழுக்காடு பரிசுக்குச் சேரும் என்ற ஏற்பாட்டால் வளர்ந்த தொகை அது. அப்படி விற்கும் பொருள்களை நிறுவனம் வெகுவாகக் குறைத்ததும், 2023-இல் பரிசு 30 லட்சம் டாலர் சொச்சமாகச் சுருங்கியது. வீரர்களின் திறமை இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடவில்லை.

நம் நாட்டில் அரசும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்றாக 2021-இல் வந்த பிஜிஎம்ஐ, அரசு உத்தரவால் 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டு, 2023 மே மாதம் நிபந்தனைகளுடன் திரும்பியது. தடைக்கான காரணங்கள் பற்றி நான் வாதிடவில்லை. இடையில் பத்து மாதங்கள் இருந்தன என்பதை மட்டும் குறிக்கிறேன். அன்று அரங்கில் ஓர் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவருக்கு வயது இருபத்து நான்கு. அந்த மாதங்களில் ஊருக்குத் திரும்பி அண்ணனின் கைப்பேசிக் கடையில் திரைகள் மாற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மீண்டும் வந்தபோது, விரல்களின் வேகத்தில் பதினேழு வயதுப் பையன்களை எட்ட முடியாமல், பயிற்சியாளராகிவிட்டாராம்.

2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து அங்கீகரித்தது. இரண்டையும் வரவேற்கிறேன், ரம்மியையும் இதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசியவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். ஆனால், அங்கீகாரம் வீரருக்குத் தரப்படுகிறது. ஆட்டமோ நிறுவனத்திடம் இருக்கிறது. பதக்கத்துக்குரிய விளையாட்டு என்ற தகுதியைத் தம் ஆட்டத்துக்குப் பெறும் நிறுவனம், போட்டிகளை நிறுத்துவதற்கு இத்தனை மாதங்கள் முன்னறிவிப்பு தர வேண்டும், அறிவித்த பரிசை இத்தனை நாள்களுக்குள் வழங்க வேண்டும் என்று அரசு கேட்பதில் தவறில்லை. தொழிற்சாலையை மூடும் முதலாளியிடம் சட்டம் கேட்பது இதைவிட அதிகம்.

இரண்டாம் நாள் மாலை, அரங்கின் வாயிலில் திண்டுக்கல்லிலிருந்து மகனுடன் வந்திருந்த ஒருவர், என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். நான் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவன் என்று தெரிந்ததும் குரலில் மரியாதை கூடியது. "பிளஸ் டூ முடிச்சவனை ஒரு வருஷம் இதுக்குன்னு விட்டிருக்கேன் சார். இன்னொரு வருஷம் விடலாமா?" என்று கேட்டார். வாய்ப்புச் செலவு என்பதை ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு விளக்கியவன், சற்றுத் தடுமாறிவிட்டு, ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே ஆடட்டும் என்றேன். "அதைத்தான் நானும் சொன்னேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பயிற்சி வேணும்கிறான்" என்றார்.

மகனின் அணி பதினோராம் இடத்தில் முடித்திருந்தது. பையன் தோளில் பையுடன் வெளியே வந்தான். விரலுறைகளை இன்னும் கழற்றியிருக்கவில்லை. தந்தை என்னிடம் கிளாம்பாக்கத்துக்கு எந்தப் பேருந்து என்று விசாரித்துக்கொண்டு அவனுடன் நடந்தார்.