செலவுக் கணக்கும் பயன் கணக்கும்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உளது. அதிலுள்ள கல்வெட்டு மிகச் சுருக்கமானது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எவையும் இன்றி, பிரமன், ஈசுவரன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த ஆலயம் இது என்பதே அதன் செய்தி. பொன் எவ்வளவு செலவாயிற்று என்ற விவரம் அதில் இல்லை. ஆயினும் சொல்லப்பட்ட வேலை கண்ணெதிரே நிற்கிறது. மரமும் செங்கல்லும் இல்லை என்பதை எவரும் நேரில் சென்று சரிபார்த்துக் கொள்ளலாம்.

இன்று நம் ஏரிக்கரைகளிலும் வரத்துக் கால்வாய்களின் ஓரத்திலும் நடப்பட்டுள்ள திட்டப் பலகைகளைப் பாருங்கள். பணியின் பெயர், திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஆண்டு ஆகியவை எழுதப்பட்டிருக்கும். தூர் வாரிய பின்னர் ஏரியில் எத்தனை நாள் கூடுதலாக நீர் நின்றது, எத்தனை காணி நிலம் கூடுதலாகப் பாய்ந்தது என்பதைக் கூறும் பலகையைக் காண்பது அரிது. திட்டம் பயன் தந்ததா என்று கேட்டால், இத்தனை லட்சம் செலவாயிற்று என்று விடை கூறும் பழக்கம் நம்மிடையே வேரூன்றி விட்டது. இப்பழக்கத்தால் இழப்பு யாருக்கு என்பதையும், அதனை மாற்றக் கூட்டுறவுச் சங்கங்கள் என்ன செய்யலாம் என்பதையும் இங்கு ஆராய்வோம்.

தறியும் வயலும் கற்பிப்பவை

நெசவாளர்க்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. சங்கத்தில் பாவும் நூலும் எடை போட்டுத் தரப்படுகின்றன. நெய்த துணியும் எடை போட்டே வாங்கப்படுகிறது. சேதாரம் எவ்வளவு என்பது உடனே தெரிந்து விடுகிறது. நூல் கொடுத்த கணக்கை மட்டும் எழுதி வைத்து, துணி வந்த கணக்கை எழுதாத சங்கம் ஓராண்டும் நிலைக்காது. அரசாங்கத் திட்டத்தில் பணம் என்பது நூல்; மக்களின் வாழ்வில் விளைந்த மாற்றமே துணி.

ஆனால் முன்னும் பின்னும் அளந்தால் மட்டும் போதாது. இதற்கு விவசாயியின் அறிவு துணை வேண்டும். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் மணிலா ரகங்களை நம் வட்டாரம் நன்கறியும். டி.எம்.வி. என்னும் எழுத்துகள் திண்டிவனத்தையே குறிப்பன. புதிய ரகம் ஒன்றைச் சோதிக்கும்போது, அதன் பக்கத்துப் பாத்தியிலேயே பழைய ரகத்தையும் விதைப்பார்கள். மண்ணும் மழையும் எருவும் இரண்டிற்கும் ஒன்றே. பழையதைவிடப் புதியது எவ்வளவு மிகுதியாகத் தந்ததோ அதுவே ரகத்தின் பயன். பக்கத்துப் பாத்தி இல்லையெனில், நல்ல மழை பெய்த ஆண்டில் சாதாரண ரகமும் சிறந்ததாகத் தோன்றும். வறட்சி ஆண்டில் நல்ல ரகமும் பழிக்கப்படும். திட்டங்களின் கதியும் இதுவே. திட்டம் வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காத வரையில் மதிப்பீடு முழுமை பெறாது.

நூறு நாள் வேலை: நம் மாவட்டமே முதற்பாத்தி

கிராமப்புறக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டில் 100 நாள் வேலையை உரிமையாக்கிய சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 பிப்ரவரி 2-ஆம் நாள் நாட்டின் 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய 6 மாவட்டங்கள் முதலில் இடம் பெற்றன. 2007-இல் மேலும் 130 மாவட்டங்களுக்கும், 2008 ஏப்ரலில் எஞ்சிய கிராமப்புற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. இவ்வாறு படிப்படியாக விரிந்தமையால், முதலில் பெற்ற மாவட்டங்களை இன்னும் பெறாத மாவட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு ஏற்பட்டது. திண்டிவனத்துப் பாத்திகளைப் போன்ற ஏற்பாடு நாடளவில் தானாகவே அமைந்தது எனலாம். முதலில் பெற்றவை பெரும்பாலும் ஏழை மாவட்டங்களாதலின், அவ்வேற்றுமையையும் கணக்கில் கொண்டே ஆய்வாளர் ஒப்பிட வேண்டியிருந்தது.

இத்திட்டம் பற்றி நம் அங்கத்தினரிடையே இரண்டு கருத்துகள் உண்டு. களையெடுப்புக்கும் அறுவடைக்கும் ஆள் கிடைப்பதில்லை, கூலி ஏறிவிட்டது என்பர் நிலமுடையோர். தறி வேலை குறைந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது அக்கூலியால்தான் என்பர் நெசவாளர் குடும்பத்தினர். தமிழ்நாட்டில் இவ்வேலை நாள்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெரும்பாலான ஆண்டுகளில் பெண்களே பெற்றனர் என்பதையும் மறத்தல் ஆகாது. இரு தரப்பினரும் உண்மையையே பேசுகின்றனர்; எனினும் அவரவர் தம் பாத்தியை மட்டுமே காண்கின்றனர்.

அளந்தவர்கள் கண்டது என்ன? கிளெமென்ட் இம்பெர்ட், ஜான் பாப் என்னும் பொருளியலாளர் இருவர், முதலில் பெற்ற மாவட்டங்களையும் பின்னர் பெற்றவற்றையும் ஒப்பிட்டு, 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வேளாண்மை மந்தமான கோடைக்காலத்தில் தினக்கூலி நூற்றுக்கு 5 அளவில் உயர்ந்தது என்றும், தனியாரிடம் செய்யும் வேலை ஓரளவு குறைந்தது என்றும் அதில் கண்டனர். திட்டம் செம்மையாக நடந்த மாநிலங்களிலேயே இவ்விளைவு மிகுதி. அவற்றுள் தமிழ்நாடும் ஒன்று. ஆகவே நிலமுடையோரின் குறை முற்றும் கற்பனையன்று. கூலியாட்களின் நன்மையும் கற்பனையன்று.

செலவு ஏறவில்லை, கைக்கு வந்தது ஏறிற்று

ஆந்திரப் பிரதேசத்தில் நடந்த மற்றொரு சோதனை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அங்கு 2010 முதல் இவ்வேலைக்கான கூலியைக் கைரேகை அட்டையின் மூலம் தரும் முறை கொண்டுவரப்பட்டது. 8 மாவட்டங்களில் எந்த மண்டலத்திற்கு முதலில், எதற்குப் பின்னர் என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் தீர்மானித்தனர். கார்த்திக் முரளிதரனும் அவரோடு ஆய்ந்தவர்களும் 157 மண்டலங்களை ஒப்பிட்டனர். அட்டை வந்த இடங்களில் கூலி விரைவாகக் கிடைத்தது. இடையில் கசிந்த தொகை குறைந்தது. உழைத்தவர் கைக்கு வந்த தொகை உயர்ந்தது. ஆனால் அரசாங்கம் செலவிட்ட தொகையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை!

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். செலவுப் பேரேட்டை மட்டும் புரட்டிய அதிகாரி, இரு வகை மண்டலங்களுக்கும் வேற்றுமை ஒன்றுமில்லை என்றே எழுதியிருப்பார். உழைத்தவர் வீடு சென்று கேட்டவர்களுக்கே வேற்றுமை புலப்பட்டது. மேலும், ஏழைக் குடும்பங்களின் வருவாய் உயர்வில் பெரும்பங்கு திட்டக் கூலியால் வந்ததன்று; வெளி வேலைகளில் கூலி உயர்ந்ததால் வந்தது. தனியாரிடம் செய்யும் வேலையும் அங்குக் குறையவில்லை.

முன்னைய ஆய்வும் இதுவும் ஒரே விடையைத் தரவில்லை. காலம், இடம், அளந்த பொருள் மூன்றும் வேறு. அதனால்தான் நம் ஊரில் நடந்ததை நாமே அளக்க வேண்டும் என்கிறோம். இது வீண் ஆராய்ச்சியன்று. பழைய சட்டத்திற்குப் பதிலாக 125 நாள் வேலையைக் கூறும் சட்டமொன்று 2025 டிசம்பரில் இயற்றப்பட்டது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்க அதில் இடமுண்டு. நம் வட்டாரத்தில் மணிலாவும் கரும்பும் நெல்லும் வெவ்வேறு மாதங்களில் ஆள் கேட்பவை. நிறுத்தம் எம்மாதத்தில் விவசாயிக்கு உதவும், எம்மாதத்தில் கூலிக் குடும்பத்தை வருத்தும் என்பதை மாதவாரிக் கணக்கு உள்ள ஊரே எடுத்துச் சொல்ல இயலும். கணக்கில்லாத ஊருக்குப் பிறர் தீர்மானிப்பதே விதியாகும்.

கூட்டுறவையே அளந்த காலம்

அளவுகோல் பிறர்மேல் மட்டும் வைக்கப்படுவதன்று. 1951-52-இல் நடந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, 75 மாவட்டங்களில் 600 கிராமங்களைத் தேர்ந்து விசாரித்தது. 1904 முதல் கடன் சங்கங்கள் இருந்து வந்தும், விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு 3.1 மட்டுமே என 1954-இல் வெளியான அதன் அறிக்கை கூறிற்று. பெரும்பங்கு லேவாதேவிக்காரர்களுடையதாக இருந்தது. அரை நூற்றாண்டு உழைப்புக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் அறிக்கையைத் தயாரித்த குழுவினர் கூட்டுறவைக் கைவிடச் சொல்லவில்லை. பலவீனம் எங்குள்ளது எனக் காட்டி, அரசாங்கம் பங்கு முதலிட வேண்டும் என்றனர். 1955-இல் ஸ்டேட் பாங்க் அமைந்ததும் அவர்தம் பரிந்துரையால். 1981-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கணக்கிடும் முறை சற்று வேறாயினும், கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 30 ஆயிற்று. குறையை மறைத்திருந்தால் இம்மாற்றத்திற்கு வழி பிறந்திராது.

கைத்தறிக்கு வேண்டிய கேள்வி

1983-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்திற்கு நோக்கங்கள் இரண்டு: ஏழைகளுக்கு உடை, நெசவாளர்க்கு வேலை. எத்தனை சேலைகள் வழங்கப்பட்டன என்பது முதல் நோக்கத்தை மட்டுமே அளக்கும். உற்பத்தியில் விசைத்தறியும் பங்குபெறுவதால், கைத்தறியில் எத்தனை நாள் வேலை கூடிற்று என்பதைத் தனியே கேட்டாக வேண்டும்.

நாடெங்கும் கைத்தறி நெசவாளரும் துணைத் தொழிலாளரும் 1995-96 கணக்கெடுப்பில் 65 லட்சத்துக்கு மேல் இருந்தனர். 2009-10-இல் 43 லட்சமாயினர். 2019-20-இல் 35 லட்சமாயினர். இக்காலமெங்கும் திட்டங்கள் இருந்தன. அவை தோற்றன என்று சிலர் கூறலாம். அவை இல்லாதிருந்தால் வீழ்ச்சி இன்னும் கொடியதாயிருக்கும் என்று வேறு சிலர் கூறலாம். பக்கத்துப் பாத்தியை எவரும் விதைத்து வைக்காததால் இரண்டையும் மெய்ப்பித்தல் அரிதாகிறது. மெய்ப்பிக்க இயலாத நன்மை, வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டு விழும்போது முதலில் பலியாகும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, திட்டம் வருமுன்பே நிலையைக் குறித்து வைத்தல். ஓடும் தறிகள், மாதம் ஒன்றுக்குத் தறிக்கு வேலை நாள்கள், கைக்கு வந்த கூலி, கிணற்று நீர்மட்டம், பாயும் காணி, களையெடுப்புக் கூலி ஆகியவற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இரண்டாவது, அத்திட்டம் இன்னும் எட்டாத பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, இரு சங்கங்களும் ஒரே விதமாகக் கணக்கு எழுதுதல்.

மூன்றாவது, கணக்கைச் சபையில் உரக்கப் படித்தல். ராஜஸ்தானத்துக் கோட்கிரானா கிராமத்தில் 1994 டிசம்பரில் வேலைப் பதிவேடுகளை மக்கள்முன் படித்தபோது, வேலை செய்யாதவர் பெயர்களும் செய்யாத வேலைகளும் வெளிப்பட்டன. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிராம சபையின் சமூகத் தணிக்கை இடம்பெற அத்தகைய கூட்டங்களே வித்திட்டன. நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின்படி, பத்தாம் நூற்றாண்டிலேயே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியம் ஏறத் தகுதியற்றவராயினர்.

நான்காவது, விடை நமக்குச் சாதகமாக இல்லாவிடினும் அதனை எழுதி வைத்தல். பயனற்ற திட்டத்தை அவ்வாறே சொல்லும் சங்கம், பயனுள்ள திட்டத்திற்காக வாதாடும்போது அதிகாரிகள் செவிசாய்ப்பர்.

அடுத்த பொதுக்குழு கூடும்போது வரவு செலவு வாசிக்கப்படும். அது முடிந்ததும் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "சென்ற ஆண்டு நாம் பெற்ற மானியத்தால் எத்தனை தறிகள் கூடுதலாக எத்தனை நாள் ஓடின?" என்று கேட்பாராக. விடை ஆயத்தமாக இல்லையெனில், அந்த நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தை அன்றைக்கே எழுதத் தொடங்கலாம்.