சோதனைக்கு வராத உடல்கள்

தசையை விரைவாக வளர்ப்பதற்காகப் பயன்படுத்தப்படும் அனபாலிக் ஸ்டீராய்டுகள், ஆண்மைக்குரிய ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஒத்த வடிவில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டவை. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் மருத்துவர்கள் எழுதித்தரும் பிரட்னிசோலோன் போன்றவை முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தவை. 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற திருச்சி மாவட்ட வீராங்கனை கோமதி மாரிமுத்துவின் சிறுநீர் மாதிரிகளில் அனபாலிக் வகை மருந்தான நான்ட்ரோலோனின் தடயம் காணப்பட்டது. அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தபோதும், 2020இல் பதக்கம் பறிக்கப்பட்டு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது.

களத்தில் ஓடுபவரைக் கண்காணிக்கப் பன்னாட்டு அமைப்புகளும், 2022இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமும் உள்ளன. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ, ஆணழகன் போட்டியை எண்ணியோ அகன்ற தோள்களை விரும்பியோ ஜிம்முக்குச் செல்லும் இளைஞர் ஒருவர் அதே ஊசியைப் போட்டுக்கொண்டால், மாதிரி கேட்டு எவரும் வருவதில்லை. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்ற விதி ஒன்றே அவருக்கும் மருந்துக்கும் இடையே நிற்கிறது. இந்த இடைவெளிதான் பெரிதும் கவலைக்குரியது.

ஸ்டீராய்டு கைத்தசைக்கும் இதயத்தசைக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்து இறுகுகிறது. நல்ல கொழுப்பு குறைந்து கெட்ட கொழுப்பு கூடுவதால் இதயக் குழாய்களில் படிவு சேர்கிறது. சிவப்பணுக்கள் பெருகிக் குருதி கெட்டியாவதால் அது உறையும் வாய்ப்பும் மிகுகிறது. எடைப்பயிற்சி செய்யும் 140 ஆண்களை ஆராய்ந்து 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் குருதியின் பங்கு, ஸ்டீராய்டு தொடாதவர்களிடம் சராசரியாக 63 விழுக்காடாகவும், அதைப் பயன்படுத்தியவர்களிடம் 52 விழுக்காடாகவும் இருந்தது. வெளியே உடல் திரளும் அதே மாதங்களில் உள்ளே இதயம் தளர்கிறது என்பதை, பயிற்சி செய்பவர் பெரும்பாலும் உணர்வதே இல்லை.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்து சேர்ந்ததும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுவதால், விரைகள் சுருங்கி விந்தணு உற்பத்தி ஏறத்தாழ நின்றுபோகிறது. உபரி டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் ஆணின் மார்பு பெண் மார்புபோல் பருக்கக்கூடும். பல வாரங்கள் போட்டு நிறுத்தும் முறையை ஜிம் வழக்கில் ‘சைக்கிள்’ என்கிறார்கள். ஆயினும் நிறுத்தியவுடன் சுரப்பு மீள்வதில்லை, அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. அந்த இடைக்காலத்தின் சோர்வும் மனச்சோர்வுமே பலரை மீண்டும் ஊசியிடம் இழுத்துச் செல்கின்றன.

ஸ்டனசோலால் போன்ற மாத்திரைகள் கல்லீரலில் பித்தநீரைத் தேக்கி மஞ்சள்காமாலையை உண்டாக்கலாம். பெண்களுக்குக் குரல் தடித்தால் அது பெரும்பாலும் திரும்பாது. வளரும் பருவத்தினருக்கு எலும்பின் வளர்முனைகள் முன்கூட்டியே மூடி உயரம் நின்றுவிடும்.

உடற்பயிற்சிக் கூடங்களிலேயே ஊக்கமருந்துச் சோதனை நடைபெறும் டென்மார்க்கில், அதில் சிக்கிய 1,189 ஆண்களைப் பற்றி 2024இல் வெளியான ஆய்வு, அவர்களுடைய இறப்பு விகிதம் ஒத்த வயதினரைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு என்று கண்டது. தமிழகத்தில் அத்தகைய சோதனை இல்லாத நிலையில், நெஞ்சுவலியோடோ குழந்தைப்பேறு வேண்டியோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் ஒருவர், ஊசி போட்டதைத் தாமே சொன்னால்தான், எக்கோவும் ஹார்மோன் பரிசோதனையும் எந்தக் காரணத்தைத் தேட வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரியவரும்.