மலையும் சைக்கிளும் – 6: எந்த வால்வு ஏறும்?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு சைக்கிளில் ஏறக் கிளம்புபவர்கள் கியரைப் பார்க்கிறார்கள், பிரேக்கைச் சோதிக்கிறார்கள். டியூபில் இருப்பது எந்த வால்வு என்று பெரும்பாலோர் பார்ப்பதில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்குப் போகும் சாலையில் நடுவழியில் டயர் இறங்கிய பிறகுதான் அந்த நினைப்பே வருகிறது.

நம் ஊர் சாதா சைக்கிள்களில் தலைமுறை தலைமுறையாக இருப்பது உட்ஸ் வால்வு. டன்லப் வால்வு என்றும் சொல்வார்கள். அதன் உயிர் வால் டியூப் என்ற சின்ன ரப்பர் குழல். உள்ளே இருக்கும் உலோகத் தண்டின் பக்கவாட்டில் சின்னதாய் ஒரு துளை. அது மூடும்படி வால் டியூபை எச்சில் தொட்டு இழுத்து மாட்டுவார் கடைக்காரர். பம்பிலிருந்து வரும் காற்று அந்த ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். அடிப்பது நின்றதும், டியூபுக்குள் இருக்கும் அழுத்தமே ரப்பரைத் துளையோடு அமுக்கி வழியை அடைத்துவிடும். ஸ்பிரிங் இல்லாமல் இவ்வளவு அழகாக வேலை செய்யும் பொருள் அபூர்வம். ரப்பர் இற்றுப்போனால் காற்று நிற்காது. ஆனால் ஒரு துண்டு வால் டியூப் சட்டைப்பையில் இருந்தால் நடுக்காட்டிலும் சரிசெய்துவிடலாம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அழுத்துவதற்கு ஊசி கிடையாது என்பதால், உள்ளே எத்தனை பிஎஸ்ஐ என்று சாதாரண காற்றுமானியால் அளக்க முடியாது.

மலைக்கு அந்த அளவு அவசியமா? மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அடிவாரத்தில் 50 பிஎஸ்ஐ அடித்த டயர், அந்தக் காரணத்தால் மட்டும் கொடைக்கானலில் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 30 டிகிரியில் இருந்த காற்று மேலே 15 டிகிரிக்குக் குளிரும்போது, கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தும் விடுகிறது. ஆகவே ஏறும்போது கவலையில்லை. இறக்கம்தான் சோதனை. ரிம் பிரேக் வண்டியில் விடாமல் பிரேக் பிடித்து இறங்கினால் ரிம் சூடேறும், கூடவே டியூபுக்குள் அழுத்தமும் ஏறும். இறங்கக் கிளம்புமுன் காற்றை அளந்து பார்க்கவேண்டியது இதற்காகத்தான்.

உட்ஸ் தவிர இன்னும் இரண்டு வால்வுகள் உண்டு: ஷ்ரேடர், பிரெஸ்டா. ஷ்ரேடர் வால்வு 1893-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. மோட்டார் பைக், கார், ஜீப் எல்லாவற்றிலும் இருப்பது இதுவே. பஞ்சர் கடை கம்ப்ரசர் குழாயை நேராக மாட்டலாம்.

பிரெஸ்டா ரோடு பைக்குகளுக்கானது. தண்டு மெலிது, ரிம்மில் 6.5 மில்லிமீட்டர் துளை போதும். ஷ்ரேடருக்கு 8.5 வேண்டும். ஒல்லியான ரிம்முக்கு அந்த 2 மில்லிமீட்டர் பெரிய விஷயம். உச்சியிலுள்ள குட்டித் திருகைத் தளர்த்தி, ஒருமுறை லேசாக அழுத்திவிட்டு அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஊசி வளைந்துபோகும்.

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர் என்று உள்ளே போக நினைப்பவருக்கு ஷ்ரேடர்தான் சரி. ஜீப்பும் பைக்கும் ஓடும் ஊரில் அதற்குக் காற்று கிடைத்துவிடும். பிரெஸ்டா வண்டிதான் கையில் இருக்கிறது என்றால் ரிம்மைத் துளைபோட்டுப் பெரிதாக்கவே கூடாது. வால்வின் மேல் திருகிக்கொள்ளும் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் அதே கம்ப்ரசரில் அடித்துக்கொள்ளலாம். உதிரி டியூப் வாங்கும்போதும் கவனம் தேவை. ஷ்ரேடர் துளையில் வாஷர் போட்டு பிரெஸ்டா டியூபை மாட்டிவிடலாம். பிரெஸ்டா துளையில் ஷ்ரேடர் தண்டு நுழையவே நுழையாது.