சிலிண்டர் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட்

புது அடுக்ககங்களில் சமையலறையை ஒட்டிக் கொஞ்சம் இடம் விட்டு, அதற்கு ‘சர்வீஸ் ஏரியா’ என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். கேஸ் சிலிண்டர் அங்கேதான், வாஷிங் மெஷினும் அங்கேதான். மெஷினுக்கான பிளக் பாயின்ட்டை எலெக்ட்ரீஷியன் சுவரில் குறிக்கும்போது சிலிண்டர் எந்த மூலைக்கு வரும் என்பது அவருக்குத் தெரியாது. கேஸ் இணைப்பு கொடுக்க ஆள் வரும்போதோ சுவர் பூசி பெயின்ட்டும் காய்ந்திருக்கும். இருவரையும் சந்திக்க வைக்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். அவர் டைல்ஸ் கடையில் இருப்பார்.

சிலிண்டரை வெளியே வைத்துவிட்டால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையில்தான் படரும். பால்கனியின் கைப்பிடிச் சுவர் அடிவரை அடைத்துக் கட்டியிருந்தால், வாயு தொட்டித் தண்ணீர்போல அங்கேயே தேங்கும். காற்றில் 2 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஸ்விட்சைத் தட்டும்போதும், ஓடுகிற மெஷினின் பிளக்கைப் பிடுங்கும்போதும் தெறிக்கும் பொறி அதற்குப் போதும். எனவே சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையோரம் பிளக் பாயின்ட் கூடவே கூடாது. வால்வைவிட நன்றாக உயரத்தில், முடிந்தால் எதிர்ச்சுவரில் வைக்கச் சொல்லுங்கள்.

குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவில் கணக்கு தலைகீழ். மீத்தேன் லேசானது, மேலே ஏறும். மீட்டருக்கு நேர் மேலே இருக்கும் ஸ்விட்ச்தான் அங்கே வில்லங்கம். மீட்டருக்கும் பொறி கிளம்பும் பொருளுக்கும் இடையே 3 அடி வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. பிரிட்டனில் சாக்கெட்டுக்கும் மீட்டருக்கும் 150 மி.மீ. போதும். எனக்கு அமெரிக்கக் கணக்குதான் பிடித்திருக்கிறது. சுவரில் இடமா இல்லை?

மழைக்கு மூடி போட்ட சாக்கெட் என்று கடையில் விற்பது தண்ணீரைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஆர்.சி.சி.பி.யும் அப்படித்தான். ஷாக்கிலிருந்து காப்பாற்றும், பொறியை நிறுத்தாது. பிளக்கிலிருந்து தள்ளி வைப்பதற்காக கேஸ் டியூபை ஒட்டுப்போட்டு நீட்டுவது இன்னும் மோசம். அதற்குப் பதில் பாயின்ட்டை மாற்றிவிடலாம்.

வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், அணைப்பதற்குக்கூட. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்த பிறகு 1906-ஐ அழையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பக் காலிங் பெல்லை அழுத்த வேண்டாம், கதவைத் தட்டுங்கள்.