ஒரே கசப்பு, வேறு வேறு நாக்கு

சர்க்கரை போடாத காபியை ஒருவர் ரசித்துக் குடிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் ஒரு வாய் வைத்ததுமே முகத்தைச் சுளிக்கிறார். காபி ஒன்றுதான். பிறகு ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர் லிண்டா பார்ட்டோஷுக் என்ற அமெரிக்க உளவியலாளர். வானியல் படிக்கத்தான் அவருக்கு ஆசை. ஆனால் அந்தக் காலத்தில் பெரிய தொலைநோக்கிகள் பலவற்றைத் தொடப் பெண்களுக்கு அனுமதி இல்லை. எவ்வளவு பெரிய அநியாயம், பாருங்கள்! அதனால் அவர் உளவியலுக்கு வந்தார். யேல், புளோரிடா பல்கலைக்கழகங்களில் சுவையை ஆராய்ந்தார்.

ஒருவகை ரசாயனம் தோய்த்த சின்னக் காகிதத்தை நாக்கில் வைக்கச் சொல்வார். சிலருக்கு அது வெறும் காகிதம். சிலருக்கு லேசான கசப்பு. இன்னும் சிலருக்கோ தாங்கவே முடியாத கசப்பு! இந்தக் கடைசி வகையினருக்கு அவர் வைத்த பெயர் ‘சூப்பர் டேஸ்டர்’. நாக்கில் நீலச் சாயம் தடவிப் பார்த்தால், நாக்கு நீலமாகும். சுவை மொட்டுகளைத் தாங்கும் சின்னஞ்சிறு மேடுகள் மட்டும் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். சூப்பர் டேஸ்டர்களின் நாக்கில் அந்தப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதை அவர் பார்த்தார். மிளகாய்க் காரம்கூட இவர்களுக்குக் கூடுதலாகவே உறைக்குமாம்.

ஆகவே, உங்கள் வீட்டுக் குழந்தை கீரை கசக்கிறது என்று சொன்னால், உடனே அடம் பிடிக்கிறது என்று திட்டிவிடாதீர்கள். அந்த நாக்குக்கு அது நிஜமாகவே அவ்வளவு கசக்கலாம்.